நாற்பத்தொரு நொடி

சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு
வெள்ளரி ஊறுகாய் ஜாடியோடு
கரையின் அடிவாரத்துக்கு இறங்குகிறேன்.
தெற்கு இந்தியானாவில்
முப்பத்தைந்து வீடுகளின் ஏரிச் சங்கம்.
பொருளாளர் நான்.
கணக்கில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு டாலர்,
மணிக்கட்டில் ஒரு கடிகாரம்.

பாசிக் கல்லுக்கு அடியில்
சுண்டுவிரல் கனத்தில் வருகிறது நீர்.
மே மாதம் ஜாடி நிறைய நாற்பத்தொரு நொடி.
ஆகஸ்டில் முப்பத்துமூன்று.
இன்று இருபத்தெட்டு.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறேன்.
தெளிவு.
கொட்டிவிட்டு, நோட்டில் எழுதிவிட்டு, மேலேறுகிறேன்.

தெளிந்து வந்தால் அது ஏரி;
கலங்கி வந்தால் கரை,
கரைதான் கரைந்து வருகிறது
என்று சொன்னவள் ரெனாட்டா,
மாநிலம் அனுப்பிய ஆய்வாளர்.
சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல
அணையைப் பார்த்தாள்.
முதுகில் பதினேழு மேப்பிள்.
"வேர் அழுகினால் அது போன தடமெல்லாம் வாய்க்கால்."
கஸ்தூரி எலியின் வளை நான்கு.
அறுபத்தொன்றில் புதைத்த தகரக் குழாயில்
விரலை வைத்தாள்,
விரல் உள்ளே போய்விட்டது.
மதகுச் சக்கரத்தை யாரும் திருகி இருபது வருஷம்;
அதில் யாரோ
பெட்டூனியாத் தொட்டி தொங்கவிட்டிருந்தார்கள்.
அதையும் குறித்துக்கொண்டாள்,
பூவின் நிறம் தவிர.

அறிக்கையில் 'அதிக ஆபத்து' என்றிருந்தது.
எங்களுக்குக் கோபம்.
அது அணையைப் பற்றிய சொல் இல்லை என்றாள் ரெனாட்டா,
அணைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்பதைப் பற்றியது.

கீழே
இரண்டு டிரெய்லர் வீடு, ஒரு கோழிக்கொட்டகை,
பள்ளிப் பேருந்து திரும்பும் முக்கு.
அவர்கள் இந்த ஏரியில் கால் நனைத்ததில்லை.
'உறுப்பினருக்கு மட்டும்' என்ற பலகை
என் கையெழுத்து.

படகுக் கொட்டகையில் கூட்டம் போட்டோம்.
பழுது பார்க்க மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
"அறுபது வருஷம் நின்ற கரை," என்றார் ஹோபர்ட் கிளிங்லர்,
நிற்பதே அதன் வேலை என்பதுபோல.
நீர்மட்டத்தை இறக்கினால் படகுத்துறை சேற்றில் நிற்குமே,
வீடு என்ன விலைக்குப் போகும், என்றாள் கிளெண்டா.
யாரோ ஆப்பிள் பை விற்றுப் பணம் திரட்டலாம் என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஆதரவு பதினான்கு. எதிர்ப்பு பத்தொன்பது.
இரண்டு பேர் ஃப்ளோரிடாவில்.

வசந்தத்தில் என் வீட்டை விற்கப்போகிறேன்.
பத்தொன்பதில் ஒரு கை என்னுடையது.

அந்தச் சனிக்கிழமை ஜாடியைக் கொட்டவில்லை.
மூடியைத் திருகிக்கொண்டு ஓடையோரமாக நடந்தேன்.
முதல் டிரெய்லரின் கதவை
லொரெட்டா ஸ்பர்லாக் திறந்தாள்,
கையெல்லாம் கோழித்தீவனம்.
சொன்னேன். குழாய், வளை, வேர், வாக்கு.
என் கையை மட்டும் சொல்லவில்லை.
அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எத்தனை நொடி ஆனால் நான் கிளம்பணும்?"
அறிக்கை அறுபத்திரண்டு பக்கம்.
அந்த எண் அதில் இல்லை.
தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
ஜாடியை வாங்கி
சமையலறை ஜன்னலில் வைத்தாள்,
ஏதோ நான் கொண்டுவந்த பரிசுபோல.

ஞாயிறு அதிகாலை போன் அடித்தது.
மழை இல்லை, காற்றும் இல்லை.
"இராத்திரி தெளிவாத்தான் இருந்தது," என்றாள்.
"இப்போ அடியில என்னமோ படிஞ்சிருக்கு.
பழுப்பா, மாவு மாதிரி, நகக்கனம்.
ஊறுகாய் மசாலாவா அது?"

ஏரியைப் பார்த்தபடி நின்றேன்.
ஒரு வாத்து அதன்மேல் கோடு கிழித்துப் போயிற்று.
அந்த ஜாடியை
நானேதான் கழுவியிருந்தேன்,
சோப்பு போட்டு, இரண்டு தடவை.